பாலத்தைத் தீக்குச்சியால் அளப்பவர்கள்

அறுபத்தாறு நாள். வாலெஃப்ரியோ பேருந்து நிலையத்தில் இவாந்த்ரா ஃபோர்ட்டெஸ் பெட்டியோடு இறங்கியபோது, பல்கலைக்கழகத்தில் வகுப்புகள் தொடங்கி அத்தனை நாள் ஆகியிருந்தது. 2023 நவம்பர் 23, வியாழக்கிழமை. குளிர் இரண்டு டிகிரி. செப்டம்பருக்குக் கேட்ட விசா நவம்பரில் வந்தது. கேப் வெர்டே தீவுகளிலிருந்து போர்ச்சுகலுக்குப் படிக்கப் போகிறவர்களுக்கு அது அப்படித்தான் வரும். வீட்டிலும் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. "பத்து வாரம்தானே, பிடிச்சிரலாம்" என்றார்கள். பிடிக்க வேண்டியவள் அவள். சொன்னவர்கள் சொந்த ஊரான மிந்தேலோவில் வெயில் காய்ந்துகொண்டிருந்தார்கள்.

அவளுக்கு வயது இருபத்தாறு. அதில் நான்கு வருடம் மிந்தேலோ துறைமுகத்தில் எதிர்த்தீவுக்குப் போகும் கப்பலுக்கு டிக்கெட் கொடுத்தவள். டிக்கெட் ஜன்னலுக்கு வெளியே நிற்பவர்களில் அவளுக்குத் தெரியாத ரகம் கிடையாது. வரிசைக்கு மேலாகக் கையை நீட்டுகிறவன், கேப்டனுக்குச் சொந்தம் என்று காதோடு சொல்கிறவன், குழந்தையைக் கிள்ளி அழவைத்து முன்னால் வருகிறவள் என்று எல்லாரையும் பார்த்தாகிவிட்டது. எல்லாரையும்விட அவளுக்கு எரிச்சலூட்டியது ஒரே ஒரு ரகம். கப்பல் கிளம்பிப் போன பிறகு ஓடிவந்து, மூச்சு வாங்க நின்று, "நான் இன்னைக்குப் போறதாவே இல்லையே" என்று சொல்கிறவர்கள். நான்கு வருடத்தில் இப்படிச் சொன்னவர்கள் நூறு பேராவது இருப்பார்கள். ஒருவர் முகத்துக்கு நேராகவும் அவள் சிரித்ததில்லை. வேலை போய்விடும்.

சிவில் இன்ஜினியரிங். முதல் பருவத்தில் ஐந்து பாடம். ஊர் நகராட்சி கொடுக்கும் உதவித்தொகைக்கு ஒரே நிபந்தனைதான்: ஐந்திலும் தேற வேண்டும். ஒன்று போனாலும் பிப்ரவரியோடு நின்றுவிடும், திரும்பிப் போக வேண்டியதுதான். திரும்பிப் போனால் அந்த ஜன்னலும் இல்லை. அங்கே இப்போது அவளுடைய சித்தி மகள் உட்கார்ந்திருந்தாள், எழுந்திருக்கிற உத்தேசம் அவளுக்கு இல்லை.

நான்கு பாடங்களைச் சமாளித்துவிடலாம் என்று முதல் வாரத்திலேயே தெரிந்துவிட்டது. ஐந்தாவது, கணிதம் ஒன்று. அதை நடத்துகிறவர் பேராசிரியை லவீனியா கின்டேலா. புத்தகம் சொல்ல மாட்டார், இணையத்தில் எதையும் ஏற்ற மாட்டார். வருவார், கரும்பலகையை ஒரு மூலையிலிருந்து மறு மூலைவரை நிரப்புவார், கோட்டுக் கையாலேயே அழிப்பார், போவார். அந்த அறுபத்தாறு நாளில் பலகையில் எழுதி அழிக்கப்பட்டது எதுவோ, அது இனி மற்றவர்கள் நோட்டில் மட்டும்தான் இருந்தது.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண்ணிடம் கேட்டாள். பெனெடிடா என்று பெயர், ஆறடி தள்ளி வந்தாலும் வாசனைத் தைலம் மணக்கிற பெண்.

"உன் நோட்டைக் குடேன். ரெண்டு நாள்ல திருப்பிக் குடுத்துடறேன்."

பெனெடிடா நோட்டை மூடி அதன்மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டாள். "குடுக்கலாம். ஆனா நீ இன்னும் பூச்சி ஆகலியே."

"என்ன ஆகல?"

"பூச்சி. ஃபர்ஸ்ட் இயர் எல்லாரும் பூச்சிங்க. அதுக்கு மேல எல்லாரும் டாக்டர். நீ வரவேற்பு வாரத்துல இல்ல, அதனால நீ இன்னும் எதுவுமே இல்ல. டுக்ஸைப் போய்ப் பாரு. அவர் சரின்னா குடுக்கறேன்."

"நோட்டு உன்னோடதுதானே?"

"என்னோடதுதான். ஆனா குடுக்கச் சொல்றது அவர்."

இதைச் சொல்லும்போது அந்தப் பெண்ணின் முகத்தில் வெட்கம் இல்லை. ஒருவிதப் பெருமை இருந்தது.

டுக்ஸ் என்பவர் மூத்த மாணவர்களின் தலைவர். தேர்தல் கிடையாது, மதிப்பெண் கிடையாது. ஒரே தகுதிதான். பல்கலைக்கழகத்தில் யார் அதிக முறை பெயர் பதிந்திருக்கிறாரோ அவரே டுக்ஸ். வருடத்துக்கு ஒரு முறை பெயர் பதிவதால், இதைச் சுருக்கமாக இப்படியும் சொல்லலாம்: மற்ற எல்லாரையும்விட அதிக வருடம் தேறாமல் இருந்தவன் மற்ற எல்லாருக்கும் உத்தரவு போடுவான்.

வாலெஃப்ரியோவின் டுக்ஸ் ஃபாவுஸ்டோ மெய்ரெலெஸ். வயது முப்பத்து நான்கு, பதினேழு பதிவு. வாரத்தில் மூன்று நாள் அப்பாவின் டயர் கடையில் உட்காருவான், மீதி நாள் அரசன். கருப்புக் கோட்டு, காலைத் தொடும் கருப்பு அங்கி, கையில் முழ நீள மர அகப்பை. அங்கியைத் துவைக்கக் கூடாது என்பது மரபு. மரபை அவன் பதினேழு வருடமாகக் காப்பாற்றி வந்ததை, காற்று அவன் பக்கமிருந்து அடித்தால் யாரும் தெரிந்துகொள்ளலாம்.

அவனை அவள் பார்த்தது ஆற்றுப் பாலத்தின் மேல். முதலாண்டு மாணவர்கள் நாற்பது பேர் நடைபாதையில் முட்டி போட்டிருந்தார்கள். ஆளுக்கொரு தீக்குச்சி. குச்சியைக் கல்லில் படுக்க வைத்து, நுனியில் விரலை வைத்து, அடுத்து வைத்து, எண்ணி, மறந்து, மறுபடி ஆரம்பித்துக்கொண்டிருந்தார்கள். பாலம் எத்தனை தீக்குச்சி நீளம் என்று கண்டுபிடிக்க வேண்டுமாம். மூன்றாவது நாளாக அளக்கிறார்கள். நாளைக்கு இந்த நாட்டில் பாலம் கட்டப் போகிறவர்கள் இவர்கள்தான்.

"டாக்டர், தீவுக்காரப் பொண்ணு வந்திருக்கு" என்றான் காஸ்பார். விதிப்புத்தகத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஐந்து வருடமாக ஃபாவுஸ்டோ பின்னால் நடக்கிறவன்.

"தலையைக் குனி" என்றான் ஃபாவுஸ்டோ. "பூச்சி டாக்டரோட கண்ணைப் பாக்கக்கூடாது."

"குனிஞ்சா யார்கிட்ட பேசறேன்னு எனக்குத் தெரியாதே."

"எந்த ஊரு?"

"மிந்தேலோ."

"அதானே பாத்தேன். அங்க எல்லாமே லேட்டுதான் போல!"

கருப்பு அங்கிகள் சிரித்தன. முட்டி போட்டிருந்தவர்களும் சிரித்தார்கள். சிரிக்க அவர்களுக்கு அனுமதி உண்டா என்று ஒருவன் மட்டும் காஸ்பாரைத் திரும்பிப் பார்த்துவிட்டுச் சிரித்தான்.

"எல்லாம் லேட்டு, கப்பல் மட்டும் நேரத்துக்குப் போயிரும்" என்றாள் இவாந்த்ரா. "விட்டவங்க கரையில நின்னு சத்தம் போடுவாங்க. எனக்குக் கணித நோட்டு வேணும். பழைய கேள்வித்தாள் உங்ககிட்ட பெட்டி நிறைய இருக்குன்னு சொன்னாங்க, அதுவும் வேணும். என்ன செய்யணும்?"

ஃபாவுஸ்டோ தீப்பெட்டியைத் திறந்து ஒரு குச்சியை அவளிடம் நீட்டினான். "பாலத்தை அள. அளந்து சரியாச் சொன்னா எல்லாம் உனக்கு."

அவள் குச்சியை வாங்கித் தன் சுட்டுவிரலோடு ஒட்டிப் பார்த்தாள். பிறகு பாலத்தின் தொடக்கத்தில் இருந்த தூணைப் பார்த்தாள். அதில் கல்லில் வெட்டியிருந்தது: 1938, நீளம் 72 மீட்டர்.

"குச்சி நாலரை சென்டிமீட்டர். பாலம் எழுபத்திரண்டு மீட்டர், தூண்லயே போட்டிருக்கு. ஆயிரத்து அறுநூறு குச்சி."

நாற்பது தீக்குச்சிகளும் அசையாமல் நின்றன. யாரோ ஒருவன் "அட" என்றான்.

"தப்பு" என்றான் ஃபாவுஸ்டோ.

"எப்படி?"

"நீ முட்டி போடல."

காஸ்பார் புத்தகத்தைப் பிரித்து, தேதி போட்டு, அவள் பெயரை எழுதி, பக்கத்தில் 'எதிர்ப்பாளர்' என்று குறித்தான். எதிர்ப்பாளர்களுக்கு நோட்டு இல்லை, கேள்வித்தாள் இல்லை, கேன்டீனில் கூட உட்கார ஆள் இல்லை. அன்று மாலைக்குள் வகுப்பின் வாட்ஸப் குழுவிலிருந்து அவள் எண் நீக்கப்பட்டது. வீட்டுக்குப் போகும் வழியில் திரும்பிப் பார்த்தாள். விடை தெரிந்த பிறகும் நாற்பது பேரும் முட்டி போட்டு அளந்துகொண்டுதான் இருந்தார்கள்.

அவள் குடியிருந்தது ஆற்றோரம் ஒரு பழைய வீட்டில். வீட்டுக்காரி ஹீட்டரை அலமாரியில் வைத்துப் பூட்டி, சாவியைக் கழுத்தில் போட்டுக்கொண்டிருந்தாள். டிசம்பர் முதல் வாரம் இவாந்த்ரா கோட்டைப் போட்டுக்கொண்டே தூங்கினாள், கையுறையோடு படித்தாள். எதைப் படிப்பது என்பதுதான் தெரியவில்லை. நூலகத்தில் எடுத்த கணிதப் புத்தகம் எழுநூறு பக்கம். லவீனியா கின்டேலா அதில் எந்த எழுபது பக்கத்தைக் கேட்பார் என்று அந்தப் புத்தகத்துக்குத் தெரியாது.

ஒரே சமையலறையைப் பகிர்ந்துகொண்டவர் கீழ் அறையில் இருந்த பிராய்மா எம்பாலோ. கினி பிசாவுக்காரர், நாற்பத்து மூன்று வயது, ஊர் எல்லையில் இருக்கும் சூப்பர் மார்க்கெட்டில் செக்யூரிட்டி. நிலக்கடலைக் குழம்பு வைத்தால் வீடு முழுக்க மணக்கும், அவளுக்கும் ஒரு கரண்டி ஊற்றுவார். அதிகம் பேச மாட்டார். எட்டு மணி நேரம் சும்மா நின்று வந்தவருக்குப் பேச என்ன இருக்கும் என்று அவளும் விட்டுவிட்டாள்.

டிசம்பர் பத்தாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, பால் எடுக்கப் போனவள் ஃப்ரிட்ஜ் கதவில் காந்தம் வைத்து ஒட்டியிருந்த காகிதத்தைப் படித்தாள். பல்கலைக்கழகப் பதிவுச் சான்று. பெயர்: பிராய்மா எம்பாலோ. படிப்பு: சிவில் இன்ஜினியரிங். பதிவு எண்ணிக்கை: 22.

"அண்ணே, இது நிஜமா?"

"எது?"

"இருபத்திரண்டு?"

"ரெண்டாயிரத்து ரெண்டுல சேந்தேன். எண்ணிப் பாரு." குழம்பைக் கிளறிக்கொண்டே சொன்னார்.

"எத்தனை பாடம் முடிச்சிருக்கீங்க?"

"நாலு. அது மொதல் வருஷத்துல."

"அப்புறம் எதுக்கு வருஷா வருஷம்..."

"வேலை பாத்துக்கிட்டே படிக்கறவனுக்குப் பரீட்சைக்கு ரெண்டு ரெண்டு நாள் லீவு குடுத்தே ஆகணும், சட்டம். அந்தக் காகிதம் கடை மேனேஜருக்கு. லீவு போட்டுத் தூங்குவேன்."

"பரீட்சை எழுதப் போக மாட்டீங்களா?"

"பரீட்சைக்குப் போனா எப்பத் தூங்கறது?"

அப்போது அவர் போன் அடித்தது. ஊரிலிருந்து அவருடைய அம்மா. அடுப்பைத் தணித்துவிட்டு, குரலை நிமிர்த்திக்கொண்டு, "படிச்சுக்கிட்டுத்தான் இருக்கேம்மா. ஆமா, இன்ஜினியரிங்தான். கஷ்டமான படிப்பு, நேரம் எடுக்கும்" என்றார். இருபத்து இரண்டு வருடமாக ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் இதைச் சொல்கிறவர். ஃப்ரிட்ஜில் இருந்த காகிதத்தின்படி அதில் ஒரு சொல் கூடப் பொய் இல்லை என்பதுதான் விசேஷம். இவாந்த்ராவுக்கு நாக்கு நுனிவரை ஒன்று வந்தது. அவர் ஊற்றிய குழம்பு தட்டில் இருந்ததால் விழுங்கிவிட்டாள்.

மறுநாள் கணித வகுப்பில், பின்வரிசையில் ஃபாவுஸ்டோ அகப்பையை மேசையில் வைத்துவிட்டுத் தூங்கிக்கொண்டிருந்தான். பதினேழாவது முறையாக அதே பாடம். அவள் நோட்டின் ஓரத்தில் 17 என்று எழுதினாள். கீழே 22 என்று எழுதினாள். கொஞ்ச நேரம் இரண்டையும் பார்த்தாள்.

பிராய்மா லேசில் மசியவில்லை.

"அந்தக் கருப்புத்துணி கோஷ்டி முன்னாடி நான் எதுக்கு வரணும்? கடையில பாட்டில் திருடி மாட்டறவனுங்கள்ல பாதி அவனுங்கதான்."

"அஞ்சு நிமிஷம் அண்ணே. சான்றைக் காட்டுங்க, குடுக்கச் சொல்லுங்க, வந்துருங்க."

"நீ அவன் சொன்ன மாதிரி முட்டி போட்டிருந்தா அன்னைக்கே முடிஞ்சிருக்கும். முட்டி என்ன தேயவா போகுது?"

"நான் போட மாட்டேன்."

"அப்ப எனக்கு என்ன?"

"ஒரு மாசம் சமையல் என் பொறுப்பு."

அவர் யோசித்தார். இவாந்த்ரா வந்த பிறகு அவர் யோசித்து அவள் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"வாரத்துக்கு ரெண்டு நாள் மீன்."

"சரி."

டிசம்பர் 14, வியாழக்கிழமை, பிற்பகல் இரண்டு மணி. கேன்டீன் எதிரே இருக்கும் முற்றத்தில்தான் டுக்ஸ் வாரா வாரம் சபை கூட்டுவான். நாற்பது பூச்சிகளும் நான்கு வரிசையில், தலை குனிந்து, ஒருவர் தோளில் ஒருவர் கை வைத்து நின்றார்கள். தூறல். ஞாயிற்றுக்கிழமை ஆற்றில் நடக்க இருந்த ஞானஸ்நானத்துக்கு ஒத்திகை. டுக்ஸ் அகப்பையால் தலையில் தண்ணீர் ஊற்றிப் பெயர் வைப்பான். ஒருவனுக்கு 'வாளி' என்று பெயர் முடிவாகியிருந்தது. அவன் அதை வீட்டுக்குப் போன் செய்து சொல்லியிருந்தான்.

இவாந்த்ரா முன்னால் நடந்தாள். பின்னால் பிராய்மா, செக்யூரிட்டி யூனிஃபார்மில், சாப்பாட்டுப் பையோடு. மூன்று மணிக்கு அவருக்கு ஷிஃப்ட்.

"எதிர்ப்பாளருக்கு இங்க பேச உரிமை இல்ல" என்றான் காஸ்பார்.

"நான் பேச வரல. ஒரு கேள்வி. டுக்ஸ் யாருன்னு உங்க புத்தகத்துல எப்படிப் போட்டிருக்கு? படி."

காஸ்பாருக்குப் படிக்கச் சொன்னால் போதும். பிரித்து, தொண்டையைச் செருமி, வாசித்தான். "நாலாவது விதி. பல்கலைக்கழகத்தில் பெயர் பதிந்துள்ள அனைவரிலும் அதிகப் பதிவுகள் கொண்டவரே டுக்ஸ். இதில் விவாதம் இல்லை."

அவள் சான்றை நீட்டினாள். காஸ்பார் அதைப் படித்தான். முத்திரையைத் தடவிப் பார்த்தான். மறுபடி படித்தான். நிறம் மாறிய முகத்தோடு, "இருபத்திரண்டு, டாக்டர்" என்றான்.

"யாருக்கு?"

"இவருக்கு."

ஃபாவுஸ்டோ பிராய்மாவை மேலும் கீழும் பார்த்தான். "இவரா? இவரு சூப்பர் மார்க்கெட் வாசல்ல நிக்கறவரு!"

"உங்களையும் அங்க பாத்திருக்கேன் தம்பி" என்றார் பிராய்மா. "ரெண்டு தடவை பையைத் தொறந்து காட்டச் சொன்னேன்."

தலை குனிந்திருந்த வரிசைகளில் எங்கோ ஒரு இருமல் கேட்டது.

"வெளிநாட்டுக்காரங்க கணக்குல வர மாட்டாங்க" என்றான் ஃபாவுஸ்டோ.

காஸ்பார் பக்கம் பக்கமாகத் தள்ளினான். "அப்படி எழுதல டாக்டர். 'அனைவரிலும்'னுதான் இருக்கு. அந்த ஸ்பானிஷ் பையனை மூணு மணி நேரம் தவளை மாதிரி குதிக்க வெச்சப்போ, வெளிநாட்டுக்காரனும் எல்லாரையும் போலத்தான்னு நீங்களே தீர்ப்பு சொன்னீங்க. இதோ, குறிச்சிருக்கேன்."

"டுக்ஸ் அங்கி போட்டிருக்கணும்! இவரு என்ன போட்டிருக்காரு?"

"அது..." காஸ்பார் தயங்கினான். "போன மே மாசத் திருவிழாவுக்கு நீங்க அரைக்கால் சட்டையில வந்தீங்க. அப்ப ஒரு திருத்தம் போடச் சொன்னீங்க. டுக்ஸ் எந்த உடையில் வந்தாலும் அது அங்கியாகவே கருதப்படும்."

பதினேழு வருடத்தில் அந்த மனிதன் உருப்படியாக எழுதிய ஒரே வாக்கியம் அதுதான். அதுவே அவன் காலை வாரியது. கூட்டத்தில் யாரும் அவனுக்காக வாய் திறக்கவில்லை. விதிக்குப் பணிந்தே பழகியவர்கள், யார் வாயிலிருந்து விதி வருகிறது என்று பார்க்கிறவர்கள் இல்லை. காஸ்பார் இரண்டு அடி எடுத்து வைத்து, ஃபாவுஸ்டோவின் கையிலிருந்து அகப்பையை மெல்ல உருவி, பிராய்மாவின் முன்னால் குனிந்து நீட்டினான். ஃபாவுஸ்டோ கையை இறுக்கிப் பிடித்திருந்தால் கொஞ்சம் மரியாதையாவது மிஞ்சியிருக்கும். விட்டுவிட்டான்.

பிராய்மா அகப்பையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நல்ல மரம்" என்று சாப்பாட்டுப் பையில் செருகினார்.

"உத்தரவு, டாக்டர்?" என்றான் காஸ்பார்.

"பழைய கேள்வித்தாள் பெட்டியை நூலகத்து மேசையில வை. யார் வேணா பாக்கலாம். நோட்டு கேட்டவங்களுக்குக் குடுக்கணும். அவ்வளவுதான். எல்லாரும் தலையை நிமித்துங்க, மழை பெய்யுது, வீட்டுக்குப் போங்க."

ஒருவரும் நகரவில்லை.

"போகலாமா டாக்டர்?" என்று முன்வரிசையில் ஒருத்தன் தரையைப் பார்த்துக் கேட்டான்.

"போங்கன்னுதானே சொன்னேன்."

"வரிசையாவா, தனித்தனியாவா?"

பிராய்மா இவாந்த்ராவைப் பார்த்தார். "இவங்களோடயா நீ படிக்கப் போற?" என்று கேட்டுவிட்டு ஷிஃப்டுக்குக் கிளம்பினார்.

மறுநாள் பெனெடிடா நோட்டை இரண்டு கையாலும் நீட்டினாள். கண் சிவந்திருந்தது.

"இந்தா. உத்தரவு. ஆனா நீ செஞ்சது நல்லா இல்ல. ஞாயித்துக்கிழமை ஞானஸ்நானம் நின்னுபோச்சு. எனக்கு 'குருவி'ன்னு பேரு வெக்கறதா இருந்தாங்க. அம்மா கேமராவோட வர்றதா இருந்தாங்க."

"ஆத்துத் தண்ணி ஐஸா இருக்கு பெனெடிடா."

"உனக்கு இதெல்லாம் புரியாது. நீ ஒண்டிக்கட்டை."

இவாந்த்ரா நோட்டைப் பிரித்தாள். முதல் பத்துப் பக்கம் கணிதம். அதன் பிறகு டுக்ஸ் துதிப்பாட்டு, அணிவகுப்புப் பாட்டு, பக்கத்துக் கல்லூரியைத் திட்டும் பாட்டு. நடுவில் ஒரு பாலத்தின் படம், கீழே 'இதுவரை 913 குச்சி'. அறுபத்தாறு நாளும் இவர்கள் வகுப்பிலேயே இல்லை. மற்றவர்கள் நோட்டுகளையும் கேட்டு வாங்கிப் பார்த்தாள். ராகம்தான் வேறு. இதற்காகவா மூன்று வாரம் அலைந்தோம், இதற்கா ஒரு மாதம் மீன் பொரிக்க வேண்டும் என்று அவளுக்கு ஆத்திரம் வந்தது. அவர்கள் மேல் பாதி, தன் மேல் பாதி.

பெட்டிதான் மிச்சம். பழைய ஒயின் அட்டைப்பெட்டி. நூலகத்து மேசையில் கேட்பாரற்றுக் கிடந்தது. யார் வேண்டுமானாலும் பார்க்கலாம் என்றுதான் உத்தரவு, பார் என்று உத்தரவு இல்லை. அதனால் யாரும் பார்க்கவில்லை. உள்ளே 2008 முதல் 2023 வரை பதினாறு ஜனவரித் தேர்வுகளின் கேள்வித்தாள்கள், ஒவ்வொன்றோடும் ஃபாவுஸ்டோவின் விடைத்தாள். ஏழு, ஆறு, ஏழு, ஐந்து, ஏழு. இருபதுக்குப் பத்து எடுத்தால் தேறலாம். அவன் விடைகளைப் படித்ததில் அவளுக்குத் தெரிந்தது, கூட்டல் குறியை விழுங்குவது அவன் வழக்கம் என்பது மட்டும்தான். 2008இல் விழுங்கிய அதே இடத்தில் 2020இலும் விழுங்கியிருந்தான்.

கிறிஸ்துமஸ் விடுமுறை. ஊர் காலியானது. நூலகத்தில் ஹீட்டர் இருந்ததால் காலை முதல் மூடும்வரை அங்கேயே இருந்தாள். டிக்கெட் ஜன்னலில் கப்பல் அட்டவணைகளைக் கையாண்டு பழகிய கை, கேள்வித்தாள்களைத் தேதிவாரியாக மேசையில் பரப்பியது. இரண்டாவது நாளே கண்ணில் பட்டுவிட்டது. 2009இன் தாளும் 2012இன் தாளும் ஒன்று. எண்கள் மட்டும் வேறு. 2015, 2018, 2021, அதே தாள். பக்கத்து வரிசை 2010, 2013, 2016. லவீனியா கின்டேலாவிடம் மூன்று கேள்வித்தாள்கள் மட்டுமே இருந்தன. மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டிருந்தார். ஒரு பேராசிரியைக்குப் பதினாறு வருடத்தில் நான்காவது தாள் தோன்றவில்லை. அவர் எதிரே பதினாறு வருடம் உட்கார்ந்தவனுக்கு, அத்தனை தாளையும் கையில் வைத்துக்கொண்டும், அது கண்ணில் படவில்லை. இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் தகுதியானவர்கள்.

2024க்கு வர வேண்டியது 2021இன் தாள். ஐந்து கேள்வி. நூலகப் புத்தகத்தின் எழுநூறு பக்கத்தில் அவளுக்குத் தேவையானது அறுபத்து நான்கு பக்கம். அதைப் பிய்த்து எடுத்ததுபோல் படித்தாள். முதலில் ஒரு கணக்குக்கு ஒரு நாள் ஆனது. ஜனவரி நடுவில் ஒரு நாளைக்கு எட்டு கணக்கு. மீன் பொரிக்கும் நாட்களில் ஆறு. சோளமும் பயறும் போட்டு வேகவைக்கும் கேப் வெர்டே கச்சூப்பாவை டுக்ஸின் அகப்பையால் கிளறினாள், பெரிய பாத்திரத்துக்கு அது வாகாக இருந்தது.

தேர்வுக்கு முந்தைய வாரம் மனசு கேட்காமல் பெனெடிடாவிடம் சொன்னாள். "பெட்டியைப் பாரு. 2021ஐ மட்டும் போட்டுப் பாரு."

"எனக்கு எதிர்ப்பாளர் சொல்லிப் படிக்கற நிலைமை வரல."

"சரி, நான் சொல்லிட்டேன்."

ஜனவரி 19, காலை ஒன்பது. ஐம்பத்தெட்டுப் பேர். பிராய்மா இரண்டு நாள் லீவு போட்டு வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தார். தாள் கைக்கு வந்ததும் இவாந்த்ரா முதல் கேள்வியைப் பார்த்தாள், பிறகு மூச்சு விட்டாள். எண்கள்தான் வேறு. மூன்று மணி நேரமும் உட்கார்ந்து, ஒவ்வொரு குறியையும் இரண்டு முறை சரிபார்த்து எழுதினாள். ஃபாவுஸ்டோ நாற்பதாவது நிமிடம் எழுந்து, அங்கியை ஒரு சுழற்றுச் சுழற்றித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனான்.

பிப்ரவரி ஒன்றாம் தேதி முடிவு ஒட்டினார்கள். தேறியவர்கள் பதினொரு பேர். இவாந்த்ரா ஃபோர்ட்டெஸ், பதினான்கு. மற்ற நான்கு பாடத்திலும் ஏற்கெனவே தேறியிருந்தாள். பெனெடிடா எட்டு. ஃபாவுஸ்டோ மெய்ரெலெஸ் ஏழு.

அவன் அறிவிப்புப் பலகை முன்னால் நின்றிருந்தான். அகப்பை இல்லாததால் கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் அங்கிக்குள் விட்டிருந்தான். ஊருக்கு அனுப்ப அவள் தன் மதிப்பெண்ணைப் படம் எடுத்துக்கொண்டாள்.

"பதினாலா?" என்றான். "எப்படி?"

"மூணு வருஷத்துக்கு ஒரு தடவை அதே தாள் வருது. உங்க பெட்டியிலயே இருந்துச்சு."

அவன் பலகையைப் பார்த்தான். பெயர்களின் மேல் பார்வை கீழே போய், மேலே வந்தது. பிறகு தோளைக் குலுக்கினான்.

"அது எனக்கு எப்பவோ தெரியும். நான் பாஸ் பண்ணணும்னு நெனைக்கவே இல்ல."

அந்தக் குரலை அவள் நூறு தடவையாவது கேட்டிருக்கிறாள். மூச்சு வாங்கும், கண் தண்ணீரைப் பார்க்கும், கப்பல் துறைமுக முனையைத் தாண்டியிருக்கும். இங்கே பறிபோக வேலை எதுவும் இல்லை. அவன் முகத்துக்கு நேராகச் சிரித்தாள்.

நகராட்சிக்கு மதிப்பெண் பட்டியல் அன்றே போனது. உதவித்தொகை தொடர்ந்தது. மார்ச்சில் வீட்டுக்காரி ஹீட்டரை வெளியே எடுத்துக் கொடுத்தாள், அப்போது வெயில் வந்துவிட்டிருந்தது. மே மாதத் திருவிழாவில் ஊர்வலத்தின் முன்னால் டுக்ஸுக்கென்று ஒரு நாற்காலியைக் காலியாகத் தூக்கிப் போனார்கள். பிராய்மாவுக்கு அன்று ஷிஃப்ட்.

2024 செப்டம்பர் ஒன்பதாம் தேதி, திங்கட்கிழமை காலை, இவாந்த்ரா இரண்டாம் ஆண்டுக்குப் பெயர் பதிந்தாள். வரிசையில் அவளுக்கு முன்னால் ஆறு பேர் நின்றார்கள். ஆறாவது ஆள் ஃபாவுஸ்டோ.